எனாமல் பெயிண்டுக்கு என் பணம் கிடையாது



பதிவு நீளம்தான். நாலு வரி படித்துவிட்டு "அருமை டீச்சர்" என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் இப்போதே போய்விடலாம். முழுக்கப் படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள்தான் எனக்கு வேண்டும்.

கோயில் திருப்பணிக்கு டீச்சர் ஏன் இன்னும் பணம் தரவில்லை என்று குழுவில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பென்ஷன் வாங்கியும் கை நீளவில்லை என்று ஒரு மாப்பிள்ளை ஜாடையாக எழுதியும் விட்டார். அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன். கோபுரத்துக்குக் கேளுங்கள், தருகிறேன். அன்னதானத்துக்குக் கேளுங்கள், தருகிறேன். முன் மண்டபத்து விதானத்தில் இருக்கிற பழைய படங்களைச் சுரண்டி, பட்டி பார்த்து, எனாமல் அடிப்பதற்கு என்னிடமிருந்து ஒரு ரூபாய் வராது. உங்களிடமிருந்தும் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எந்தக் கோயில் என்று பெயர் போடவில்லை. மூங்கில்துறைப்பட்டுச் சுற்றுவட்டாரத்துக் கோயில், குழுவில் இருக்கிற உங்களுக்குத் தெரியும். பெயர் போட்டால் பேச்சு படத்தை விட்டுவிட்டு ஆள் மேல் போய்விடும்.

எஸ்டிமேட் குழுவில் வந்த அன்றுதான், சிகாகோவில் இருக்கிற நம் பையன் அங்குள்ள ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்ற ஓவியக் காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போன படங்களைப் போட்டான். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கம். உள்ளே மோனே, ரெனுவார், சூரா. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று ஒரு செல்ஃபி. கீழே நம் ஆட்கள் எழுதுகிறார்கள்: "இதெல்லாம் பாக்கக் கொடுத்து வச்சிருக்கணும்", "நம்ம ஊர்ல என்னா இருக்கு". அதற்கு அடுத்த பதிவு எஸ்டிமேட். அதன் கீழே அதே ஆட்கள், அதே கை கூப்பிய பொம்மை, "என் பங்கு ஒரு லட்சம்". டாலரில் டிக்கெட் எடுத்துப் பழைய ஓவியத்தைப் பார்க்கிற பிள்ளைகள், அதே டாலரை அனுப்பிப் பழைய ஓவியத்தைச் சுரண்டச் சொல்கிறீர்கள். ஒரே நாளில், ஒரே செல்போனில்.

வெளிநாட்டைப் பார்க்காத பொறாமையில் டீச்சர் பேசுகிறாள் என்று நினைக்க வேண்டாம். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தக் காட்சியகத்தில் ஒரு பகல் முழுக்க இருந்தேன். கால் வலித்தது, அது வேறு விஷயம். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது அந்தக் கட்டடத்தில்தான் என்று உங்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவள் நான்.

உள்ளே போனதும் எல்லாரும் மோனேவைத் தேடி ஓடுகிறார்கள். நான் முதலில் நின்றது எல் கிரெக்கோ வரைந்த மாதா படத்தின் முன்னால். மரியாள் விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிற காட்சி. 13 அடி உயரம் இருக்கும். கீழே திறந்த கல்லறையைச் சுற்றிச் சீடர்கள் திகைத்து நிற்கிறார்கள், மேலே பிறையின் மீது மாதா. ஸ்பெயினில் டொலேடோ என்ற ஊரில் ஒரு கன்னியர் மடத்துக் கோயில் பீடத்துக்காக 1577-ல் வரையத் தொடங்கியது. அது சிகாகோ வந்து சேர்ந்தது 1906-ல். இருநூறு வருஷத்துக்கு மேல் அதன் முன்னால் மெழுகுவத்தி எரிந்திருக்கிறது, ஜனங்கள் முழங்கால் போட்டிருக்கிறார்கள். அதாவது அதுவும் சாமி படம்தான்.

இதை ஏன் விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், கமிட்டியில் ஒருவர் என்னிடம் சொன்ன பதில் இது: "டீச்சரம்மா, அங்க இருக்கிறது ஆர்ட்டு. இங்க இருக்கிறது சாமி. சாமி இருக்கிற இடம் பளபளன்னு இருக்க வாணாமா?" நல்ல மனசோடு சொன்ன பதில், ஆனால் தப்பான பதில். அங்கே ஆர்ட் என்று மாட்டியிருப்பதில் பாதி, ஒரு காலத்தில் யாரோ கும்பிட்டது. கும்பிட்டவர்கள் அதை மங்கிப்போச்சு என்று சுரண்டாமல் விட்டதால்தான், நம் பையன் இன்று அதன் முன்னால் நின்று படம் எடுக்க முடிகிறது.

அதே காட்சியகத்தில் கருங்கல்லில் ஒரு புத்தர் தியானத்தில் உட்கார்ந்திருக்கிறார். எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? நாகப்பட்டினம். 12-ஆம் நூற்றாண்டு. நான் கை கூப்பினேன். மகள் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, இது மியூசியம்" என்றாள். மியூசியம் என்றால் கும்பிடக் கூடாதா? நம் பையன் போட்ட படங்களில் அந்தப் புத்தர் இல்லை. நேராக மோனேவுக்குப் போய்விட்டான் போல.

மோனேவைப் பற்றியும் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, அவருக்கு முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். என்ன வரைந்திருக்கிறார்? போர். நம் களத்து வைக்கோல் போர் மாதிரி, கோதுமைக் கதிரைத் தாளோடு அடுக்கி மேலே கூரை மாதிரி சரித்த போர். தன் வீட்டுக்குப் பக்கத்து வயலில் நின்ற போரை 1890, 91-ல் திரும்பத் திரும்ப வரைந்தார். அதில் ஆறு படம் சிகாகோவில் இருக்கிறது. பொருள் அதேதான், வெளிச்சம் மட்டும் வேறே. ஒன்றில் கோடை முடிகிற மஞ்சள். ஒன்றில் பனி உருகுகிற சாயங்காலம். நிழல் கறுப்பாக இல்லை, நீலமாகவும் ஊதாவாகவும் கிடக்கிறது. கிட்டே போனால் வெறும் பூச்சு, ஒன்றும் புரியாது. எட்டு அடி பின்னால் வந்து கொஞ்ச நேரம் கண்ணைச் சும்மா விட்டால், குளிர் தெரிகிறது. மாடு ஒன்றையும் காணோமே என்று எனக்குத் தோன்றியது, போர் பார்த்து வளர்ந்தவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

இன்னொரு படம் 1877-ல் வரைந்த ரயில் நிலையம். கூரைக்கடியில் இன்ஜின் புகை நீலமும் சாம்பலுமாகத் திரண்டு நிற்கிறது. நம் சர்க்கரை ஆலையில் அரவை நடக்கிற மாதங்களில், விடியற்காலையில் ஆலைப் புகையும் தென்பெண்ணைப் பனியும் கலந்து நிற்குமே, சைக்கிளில் டியூஷனுக்கு வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதை யாராவது நின்று பார்த்திருக்கிறீர்களா?

உங்களிடம் என் கேள்வி இதுதான். அங்கே மங்கலாக இருப்பதன் முன்னால் பத்து நிமிஷம் பொறுமையாக நிற்கிறீர்கள். பின்னால் போகிறீர்கள், முன்னால் வருகிறீர்கள், பிள்ளைக்கு விளக்குகிறீர்கள். நம் மண்டபத்தில் மங்கலாக இருப்பதைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் "ஒண்ணும் தெரியல, அழுக்கு" என்று தீர்ப்பு எழுதுகிறீர்கள். ஏன்? அங்கே பக்கத்தில் ஒரு அட்டையில் பெயரும் வருஷமும் எழுதியிருக்கிறது. காவலாளி நிற்கிறார். கட்டணம் வாங்குகிறார்கள். அதனால் அது பெரிய விஷயம் என்று நம்பிவிட்டீர்கள். உங்கள் கண் பார்த்துச் சொன்ன முடிவு அதில் எவ்வளவு?

மோனேவின் மங்கல் அவர் வேண்டுமென்றே செய்தது, நம் மண்டபத்து மங்கல் கரியாலும் ஈரத்தாலும் வௌவால் எச்சத்தாலும் வந்தது, இரண்டும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்று இல்லைதான். ஆனால் பார்க்கிற வேலை ஒன்றுதான். நிற்க வேண்டும், தள்ளி நிற்க வேண்டும், கண் பழக வேண்டும். மோனேவையே முதலில் அவர் ஊர்க்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். 1874-ல் பாரிஸில் அவரும் கூட்டாளிகளும் தாங்களாகவே ஒரு கண்காட்சி வைத்தபோது, லூயி லெரூவா என்ற பத்திரிகைக்காரர், இது முடிக்காத அரைகுறை வேலை என்று கிண்டலடித்து எழுதினார். இம்ப்ரெஷனிஸ்ட் என்ற பெயரே அந்தக் கிண்டலில் பரவியதுதான். நல்லவேளை, அன்றைக்கு அங்கே திருப்பணிக் கமிட்டி இல்லை.

"நம்ம ஊர்ல என்னா இருக்கு" என்று எழுதிய பிள்ளைக்குத் தனியாக ஒரு பதில். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகிற வரைக்கும் நாம் விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள். அந்த மாவட்டத்தில் பனைமலை என்று ஒரு ஊர். மலை மேல் ராஜசிம்மப் பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். அங்கே ஒரு சிறு சன்னதிச் சுவரில் ஒரு தேவி நிற்கிறாள். தலையில் மகுடம், மேலே குடை, ஒரு கால் மடிந்து உடம்பு லேசாகச் சாய்ந்திருக்கிறது. சிவன் ஆடுவதைப் பார்க்கிறாள். ஆடுகிற சிவன் மங்கிப்போனார், பார்க்கிறவள் மிச்சம். ஆயிரத்து முந்நூறு வருஷம் ஆகிறது. அந்த முகத்தை நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். சிகாகோவில் பார்த்த எந்த முகத்துக்கும் அது குறைந்ததில்லை. அதே மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறையில் செங்காவியில் வரைந்த உருவங்கள் இருக்கின்றன, அவை வரலாற்றுக்கு முந்தியவை. உங்களில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? பாரிஸ் போனவர்கள் மட்டும் ஏழு பேர் என் கணக்கில் இருக்கிறார்கள்.

சித்தன்னவாசல் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டு, சமணர்களுடையது. இலை, மொட்டு, மீன், அன்னம், யானை, எருமை, நடுவே இறங்கிப் பூப்பறிக்கிற ஆட்கள். மோனேவும் தன் தோட்டத்துக் குளத்தை வரைந்தார், 1906-ல் வரைந்த ஒன்று சிகாகோவில் இருக்கிறது. (அதில் இருப்பது அல்லி. நம் பையன் தாமரை என்று எழுதியிருக்கிறான். மார்க் குறைக்கிறேன்.) சமணருக்கு அந்தக் குளம் தீர்த்தங்கரர் உபதேசிக்கிற சபையைச் சேர்ந்த புனிதமான இடம். மோனேவுக்குத் தண்ணீர் மேல் விழுகிற வெளிச்சம்தான் எல்லாம். இரண்டு பேருமே குளத்தை உட்கார்ந்து பார்த்தவர்கள். பார்க்காமல் அந்த இலையின் மடிப்பை யாரும் வரைய முடியாது. அந்தச் சித்தன்னவாசலிலும் எவ்வளவோ போய்விட்டது, மிச்சம் இருப்பதைத்தான் நாம் பார்க்கிறோம்.

இப்போது கமிட்டியின் பெரிய வாதத்துக்கு வருகிறேன். படித்த ஒருவர் சொன்னது: "தஞ்சாவூர்லயே சோழர் படத்து மேல நாயக்கர் வரைஞ்சிட்டாங்களே டீச்சர், அப்ப அது மட்டும் சரியா?" கேட்க வேண்டிய கேள்விதான். தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில், மேலே இருந்த நாயக்கர் காலப் படம் உதிர்ந்த இடத்தில் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். எப்படி மிஞ்சியது? நாயக்கர் கால ஓவியர்கள் பழைய படத்தின் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி அதன் மேல் தங்கள் படத்தை வரைந்தார்கள். அடியில் இருந்தது மூடித்தான் போனது, முழுக்க அழியவில்லை. மேலே வரைந்தவர்களும் கைதேர்ந்தவர்கள். அதனால்தான் பின்னாளில் தொல்லியல் துறையினர் மேல் படலத்தை அப்படியே பெயர்த்து எடுத்துத் தனிப் பலகைகளில் ஏற்றி அதையும் காப்பாற்றினார்கள். நம் எஸ்டிமேட்டில் என்ன எழுதியிருக்கிறது? "சுரண்டி". அந்த ஒரு சொல்லிலேயே உங்கள் தஞ்சாவூர் உதாரணம் செத்துப்போச்சு.

சுரண்டாமல் மேலேயே எனாமல் அடித்துவிட்டால்? அதுவும் கூடாது. பழைய சுவர் சுண்ணாம்புக் காரை. அது மூச்சு விடுகிற சுவர். மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விடும். பழைய ஓவியர்கள் பயன்படுத்திய காவிக்கல், மஞ்சள் கல், சுண்ணாம்பு வெள்ளை, விளக்குக் கரி எல்லாம் அந்த மூச்சுக்குத் தடை செய்யாதவை. எனாமல் என்பது சுவருக்குப் பாலிதீன் சட்டை போட்ட மாதிரி. ஈரம் வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே உப்பாகப் பூத்துத் தள்ளும். நாலைந்து மழைக்குப் பிறகு பெயிண்ட் உப்பி, காரையோடு பெயர்ந்து விழும். அப்போது பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இதைச் சொல்ல நான் இன்ஜினீயர் ஆக வேண்டியதில்லை, உங்கள் வீட்டுப் பழைய சுவர்களையே போய்ப் பாருங்கள்.

புதிதாக அங்கே வரப்போவது என்ன? காலண்டரைப் பார்த்து ரோஸ் நிறத்தில் வரைந்த சாமி, பின்னால் நீல மலை, ஓரத்தில் உபயம். பெயிண்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் நம்மிடம் படித்தவர்தான். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் அவர் சதுர அடியைத்தானே பார்ப்பார்? உபயம் விஷயம் சொல்லியே ஆக வேண்டும். நம் கோயில்களில் டியூப்லைட்டின் மேல் எழுதிய உபயத்தில் பாதி வெளிச்சம் போய்விடுகிறது. அங்கேயும் உபயம் உண்டு. மோனேயின் போர்களை 1891 வாக்கிலேயே அள்ளி வாங்கியவர் பெர்த்தா பாமர் என்ற சிகாகோ பணக்கார அம்மா. அன்றைக்கு அவை வந்த புதிசு. அந்தக் குடும்பத்தின் பெயர் படத்துக்குப் பக்கத்தில் அட்டையில் பொடி எழுத்தில் இருக்கிறது. படத்தின் மேல் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் டீச்சர் கோயிலை மியூசியம் ஆக்கச் சொல்கிறாள் என்று கிளப்பிவிடுவீர்கள். கூடவே கூடாது. அந்த எல் கிரெக்கோ மாதாவைப் பார்த்தபோது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. விளக்கு இல்லை, பாட்டு இல்லை, முட்டி போட இடம் இல்லை. நம் மண்டபத்தில் விளக்கு எரியட்டும், மணி அடிக்கட்டும், பிள்ளைகள் ஓடட்டும். கும்பாபிஷேகம் ஜாம்ஜாமென்று நடக்கட்டும். கும்பிடுகிற இடத்திலேயே அந்தப் படங்களும் இருப்பதுதான் நமக்கு வாய்த்த பெருமை. சிகாகோவுக்கு அது வாய்க்கவில்லை. அதை ஏன் நம் கையாலேயே ஒழிக்க வேண்டும்?

விதானத்தில் என்ன இருக்கிறது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. குதிரை மேல் ஒருவர் போகிறார், பின்னால் கொடி பிடித்த ஆட்கள். தூண் ஓரமாக ஒரு பெண், கையில் கிளி. நடுவில் செல்லும் பச்சைப் பட்டையில் தமிழ் எழுத்து நாலைந்து தெரிகிறது, டார்ச் அடித்துப் படித்துப் பார்த்தேன், ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறது. எந்தக் காலத்தது என்று அறிந்தவர்கள் யாரும் இன்னும் வந்து பார்க்கவில்லை. வந்து பார்த்து, "இதில் ஒன்றும் இல்லை" என்று அவர்கள் சொல்லட்டும். அதற்கு முன்னால் சுரண்டுவதற்கு நாம் யார்? கோயில்களையும் பழஞ்சின்னங்களையும் காப்பாற்றுவதற்கு 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் 75 கட்டளைகள் போட்டது. நீதிமன்றம் வந்து சொல்கிற அளவுக்கு நம் திருப்பணிகள் இருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதெல்லாம் எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? ஐந்தாம் வகுப்பில். படம் போடு என்றால் அத்தனை பிள்ளைகளும் ஒரே படம்தான். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னைமரம், நாலு மாதிரி வளைத்த பறவைகள். ஜன்னலுக்கு வெளியே கல்வராயன் மலை படுத்திருக்கும். முக்கோணமாகவா இருக்கிறது அது? நான் உங்களை வெளியே கூட்டிப்போய் மலையைப் பார்த்து வரையச் சொன்னதற்கு, ஓவிய வகுப்பைக் கணக்குக்குக் கொடுங்கள் என்று மேலிடத்திலிருந்து எனக்கு வந்த மெமோ இன்னும் பீரோவில் இருக்கிறது. கணக்கு நன்றாகத்தான் வந்தது உங்களுக்கு, மறுக்கவில்லை. எஸ்டிமேட்டில் கூட்டல் தப்பே இல்லை.

வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கமிட்டிக் கூட்டம். நான் வருவேன். பொம்பளைகள் பேசுவதில்லை என்று ஒரு வழக்கம் இருந்தால் அன்று ஒருநாள் தள்ளி வையுங்கள். உள்ளூரில் இருக்கிற பிள்ளைகள் ஒரு ஏணியும் நல்ல டார்ச்சும் கொண்டு வாருங்கள், போட்டோ நன்றாக எடுக்கிறவன் கேமராவோடு வரட்டும். விதானம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் படம் எடுத்து வைப்போம். அந்தப் படங்களோடு தொல்லியல் துறைக்கு ஒரு மனு, நானே எழுதித் தருகிறேன், கையெழுத்து நீங்கள் போட வேண்டும். அவர்கள் பதில் வரும் வரை விதானத்தை எஸ்டிமேட்டிலிருந்து எடுத்து வையுங்கள். வௌவால் வராமல் வலை கட்டுவதற்கும், மண்டபக் கூரை ஒழுகாமல் மேல் தளத்தைச் சரி செய்வதற்கும் என் ஒரு மாத பென்ஷன் தருகிறேன். அதற்கு உபயம் எழுத வேண்டாம்.

சிகாகோ தம்பி, நீ ஜன்னலோரம் உட்கார்ந்து மலையை ஒழுங்காக வரைந்த பையன், அதனால் உன்னிடம் உரிமையோடு கேட்கிறேன். ஒரு லட்சத்தையும் அனுப்பு. அனுப்பும்போது, "கோபுரத்துக்கு மட்டும், விதானத்துக்கு இல்லை" என்று ஒரு வரி சேர்த்து எழுது. என் பதிவைவிட அந்த ஒரு வரி கமிட்டிக்கு நன்றாகப் புரியும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
மூங்கில்துறைப்பட்டு